உரிமதாரர் எண்ணிய பதினெட்டு

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கல்குவாரியில் வெடி போட்டார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அதே பாறையில் மறுபடி துளை போடத் தொடங்குவார்கள். இடையில் முப்பத்தெட்டு மணி நேரம்.

போட்டது பதினெட்டுக் குழி. அவள் காதில் விழுந்தது பதினேழு வெடி.

பதிவேட்டில் ‘போட்டது 18, வெடித்தது 18’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவள் புருஷனின் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே, அச்சில், ‘உரிமதாரர்’ என்ற ஒரே ஒரு சொல்.

அவள் அந்தக் குவாரியின் எடைமேடையில் வேலை பார்த்தாள். கல் ஏற்றிய லாரி வந்து மேடையில் நிற்கும்; எடையைப் பார்த்துச் சீட்டுப் போட்டுக் கொடுப்பாள். இயற்பியலில் பட்டம் வாங்கியவள். படிச்ச படிப்புக்கு இதா வேலை என்று யாராவது கேட்டால் சுடச்சுடப் பதில் சொல்லத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள்.

புருஷன் வெடி வைக்கிறவர். வெடி வைக்க அரசாங்கம் கொடுத்த உரிமம் அவர் பெயரில் இருந்தது. அதனால் குவாரியில் அவருக்குப் பெயர் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. லைசென்ஸ் வந்தாச்சா, லைசென்ஸ் சாப்பிடப் போயிருக்கு, லைசென்ஸுக்கு இன்னைக்கு மூஞ்சி சரியில்ல என்பார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை லைசென்ஸ் என்று தரகர் சொன்னதைக் கேட்டு, லாரி ஓட்டுகிறவர் போலிருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். வெடி என்று தெரிந்த அன்று அவளுடைய அம்மா ஒரு வேளை சாப்பிடவில்லை. பிறகு, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்கிறவர் அவர்தான், அவருக்கு என்ன ஆகும் என்று யாரோ தேற்றினார்கள்.

தேற்றியவர் சொன்னது உண்மைதான். குவாரியில் வெடிக்குப் பிறகு ஆள் உள்ளே போகலாமா கூடாதா என்பது லைசென்ஸின் வாயில் இருந்தது. குழிகளில் மருந்தை அடைத்து, திரிகளை ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் நீளமாக வெட்டி வைப்பார். பற்றவைத்துவிட்டு இருநூறு மீட்டர் தள்ளி, இரும்புக் கூரை போட்ட பதுங்கு அறைக்குள் போய் நின்றுகொள்வார். வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு விடும் இடைவெளியில் வெடிக்கும். அவற்றை எண்ண வேண்டும். போட்ட கணக்கும் கேட்ட கணக்கும் ஒத்துப்போனால், ஆட்கள் உள்ளே போகலாம் என்று நீளச் சங்கு ஊதலாம். ஒன்று குறைந்தால் அரைமணி நேரம் யாரும் அசையக் கூடாது. அதன் பிறகு லைசென்ஸ் மட்டும் போய்ப் பார்த்து, வெடிக்காத குழியைக் கண்டுபிடித்து, சிவப்புக் கொடி நட வேண்டும். வெடிக்காமல் கிடக்கும் மருந்து நாள் கணக்கில் சும்மா கிடக்கும். துளைபோடும் எந்திரத்தின் முனை அதன்மேல் பட்டால் சும்மா கிடக்காது.

உரிமத்தோடு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதைக் குவாரியில் படித்தவள் அவள் ஒருத்திதான். முதல் பக்கத்திலேயே சொற்களுக்கு விளக்கம் போட்டிருந்தது. ‘உரிமதாரர் என்பது உரிமம் எவர் பெயரில் வழங்கப்பட்டுள்ளதோ அவரை மட்டுமே குறிக்கும்; அவருடைய உதவியாளரையோ குடும்பத்தினரையோ அவருக்காகச் செயல்படும் வேறு எவரையுமோ குறிக்காது.’ ஒன்பதாம் பக்கத்தில் இன்னொன்று. ‘வெடித்த எண்ணிக்கையை உரிமதாரர் தாமே காதால் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.’

பதினொரு மாதமாக அதைக் கேட்டு உறுதி செய்தவள் அவள்.

இருபத்திரண்டு வருஷம் வெடிச் சத்தத்தில் நின்ற காது. முதலில் பேச்சு மங்கியது. பிறகு முதல் மூன்று வெடிக்குமேல் எதுவும் தெரியவில்லை என்றார். மூன்றோடு காது அடைத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் ஒரே இரைச்சல், ஆலைக்குள் நிற்பது போல. காலில் அதிர்ச்சி தெரியாதா என்று கேட்டாள். தெரியும், எதிர்ப்பாறையில் மோதித் திரும்புகிறதும் சேர்ந்து தெரியும், எதை எண்ணுவது என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம், பள்ளிக்கூடத்தில் பாடம் மறந்துபோய் எழுந்து நிற்கிற பையன் முகம் போல இருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. வழி சொன்னது அவள்தான்.

எடைமேடை அறையின் ஜன்னல் பதுங்கு அறைக்கு நேர் எதிரே இருந்தது. வெடி நேரத்தில் லாரிகளை ரோட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். மேஸ்திரி அங்கே காவலுக்கு நிற்பார். அவள் தனியாக உட்கார்ந்து, எடைச் சீட்டின் பின்பக்கம் வெடிக்கு ஒரு கோடு போடுவாள். கணக்குச் சரியாக இருந்தால் ஜன்னலின் இரண்டு கதவையும் திறப்பாள். குறைந்தால் ஒரு கதவு மட்டும். புருஷன் ஜன்னலைப் பார்த்துச் சங்கு ஊதுவார், அல்லது ஊதாமல் நிற்பார்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு முறை ஒரு கதவு திறந்தாள். அது நடந்து நாலு மாதம் இருக்கும். பசி நேரத்தில் அத்தனை பேரும் அரைமணி நேரம் வெயிலில் நின்றார்கள். கடைசியில் எல்லாக் குழியும் வெடித்திருந்தது. இரண்டு வெடி ஒரே நொடியில் சேர்ந்து வெடித்திருக்கிறது; இரட்டை என்பார்கள். அன்றிலிருந்து ஒரு வாரம் கேலிதான். லைசென்ஸ் காதுல என்ன பஞ்சா, இல்ல கடன்காரன் கூப்பிட்டானா என்று மேஸ்திரி கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள். புருஷனும் அவளும்கூடச் சேர்ந்து சிரித்தார்கள். 

இந்தச் சனிக்கிழமை சீட்டில் பதினேழு கோடு இருந்தது. பன்னிரண்டாவது கொஞ்சம் பலமாகக் கேட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அது இரட்டையாக இருக்கும். ஆட்கள் சட்டை மாற்றிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாரக் கடைசி என்று நிலைகொள்ளாமல் நின்றார்கள். தூரத்தில் புருஷன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் இரண்டு கதவையும் திறந்தாள்.

சங்கு ஊதி முடிவதற்குள் அவள் சீட்டின் கோடுகளை மறுபடி எண்ணினாள். கல்லூரியில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரே அளவுள்ள இரண்டு சத்தம் சேர்ந்தால் இரண்டு மடங்காகக் கேட்காது. மூன்று டெசிபல்தான் கூடும். எதிர்பார்த்துக் காத்திருக்கும் காதுக்கே அது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். ‘கொஞ்சம் பலமாக’ என்று அவள் நினைத்தது, நினைக்க ஆசைப்பட்டது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனிடம் சொன்னாள்.

அவர்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கும்: அவள் எதிரே வந்து நின்று உதட்டை மட்டும் அசைப்பாள், அவர் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பதில் சொல்வார், குரல் ஏறினால் அவள் கையைத் தாழ்த்திக் காட்டுவாள். ஒட்டிக் கட்டிய வீடுகள். மூச்சு விட்டால் பக்கத்து வீட்டில் கேட்கும். இந்தப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையே கிடையாது என்று தெருவில் அவர்களுக்கு நல்ல பெயர்.

பதினேழு என்று அவள் உதடு சொன்னதும் அவர் சவரம் செய்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். பாதி முகத்தில் சோப்பு. மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னாள்.

மேஸ்திரியிடம் போய்ச் சந்தேகம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சந்தேகம் என்றால், ஏன் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பார்கள். எத்தனாவது வெடியில் சந்தேகம் என்பார்கள். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் முழுச் சட்டையும் அவிழ்ந்துவிடும். உரிமம் போகும். பொய்க் கணக்கு எழுதியதற்குக் கேஸும் வரும். உனக்கும் சேர்த்துத்தான் வரும் என்றார்.

“அந்தப் புத்தகத்துல நான் எங்கேயும் இல்லையே,” என்றாள் அவள், உதட்டால். “எனக்கு அதுல ஒரு பேரே கிடையாது.”

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. சோப்பைத் துடைத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். தானே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். போக உரிமை உள்ள ஒரே ஆள் தான்தானே என்றார். அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. பாதி மழித்த முகத்தோடு அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்றாள்.

தனியாகப் போகிற ஆள், காது கேட்காத ஆள். குவாரியில் மேலேயிருந்து ஒரு கல் உருண்டால்கூட அவருக்குத் தெரியாது. வீட்டுக்குள் வந்து தரையைப் பெருக்கினாள். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். பக்கத்து வீட்டில் தட்டு விழுந்தது. ஒன்று, என்று எண்ணினாள். அடுத்ததற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று தெரிந்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பதினொரு மணிக்குத் தம்பி வந்தான். அவளுடைய கூடப்பிறந்தவன், குவாரியில் துளை போடுகிறவன். நாள் முழுக்க எந்திரத்தைப் பிடித்துக்கொண்டு கொர்ரென்று நிற்பதால் அவனுக்கு வண்டு என்று பெயர். வேலை வாங்கிக் கொடுத்தது அவள்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில்.

மாமா எங்கே என்று கேட்டான். சும்மா வெளியே போயிருக்கிறார் என்றாள். லீவு நாளில்கூட லைசென்ஸ் வீட்டில் தங்காதா என்று சிரித்தான். தண்ணீர்ப் பானையைத் திறந்து மொண்டு குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நாளைக்கு எங்கே துளை என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

கிழக்கு ஓரம் என்றான். சனிக்கிழமை வெடியில் பெரிய பலகைப்பாறை ஒன்று பெயர்ந்து மல்லாந்து கிடக்கிறது, அதை உடைத்தால்தான் வண்டி உள்ளே போகும், அதனால் காலையில் முதல் வேலை அதை ஒட்டித்தான் என்றான். பாறைக்கு அடியில் பழைய குழிகளின் மிச்சம் இருக்குமே என்றாள். இருந்தால் நல்லதுதானே என்றான் அவன்.

“புதுசா ஆரம்பிச்சா முனை வழுக்குதுக்கா. கையெல்லாம் விட்டுப்போகுது. பழைய குழி வாய் கெடச்சா அதுலயே வெச்சு ஒரு அழுத்து. வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்கும்.”

“பழைய குழியில போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல.”

“யாரு, மேஸ்திரியா? அவரே சொல்லுவாரு, போடு போடுன்னு. மாமா பதினெட்டுன்னா பதினெட்டு. லைசென்ஸ் சொன்னதுக்கு அப்புறம் நமக்கு என்ன பயம்.”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிழக்கு ஓரத்துக் குழிகளுக்குத் திரி எந்த வரிசையில் வெட்டியிருந்தார்கள்? மேற்கிலிருந்து தொடங்கினால் பன்னிரண்டு நடுவில் வரும். அங்கே ஒன்றும் பயமில்லை. ஆனால் பன்னிரண்டு என்பதே அவள் ஆசைப்பட்டது. விட்டுப்போனது எதுவாகவும் இருக்கலாம். கடைசியாக இருந்தால், கிழக்கு ஓரம்.

புருஷன் வந்தபோது மணி ஒன்று. முழங்காலெல்லாம் கல்தூள். தம்பி அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, என்ன மாமா, மூஞ்சில பாதி லீவு பாதி வேலையா என்றான். அவர் திரும்பவில்லை. மாமாவுக்கு லைசென்ஸ் இருப்பதால் நாமெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று அக்காவிடம் முறையிட்டான். அவள் பரிமாறிக்கொண்டே புருஷனின் தோளைத் தொட்டாள். அவர் திரும்பி, வா மாப்ள என்றார்.

சாப்பிட்டு முடித்துத் தம்பி திண்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போனான். அவர்கள் இரண்டு பேரும் பின்கட்டுக்குப் போனார்கள்.

“பாத்துட்டேன்,” என்றார் அவர். “ஒண்ணும் இல்ல.”

எத்தனை குழி பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

அவர் வாளியைப் பார்த்தார். கொடியில் தொங்கும் துணியைப் பார்த்தார். அவள் அவர் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பி மறுபடி கேட்டாள்.

“பதினஞ்சு. பதினஞ்சும் சுத்தமா வெடிச்சிருக்கு. கம்பி விட்டுப் பாத்தேன்.”

“மிச்சம் மூணு?”

“அதுங்க மேல பலகைப்பாறை கெடக்கு. ஒரு ஆளு பொரட்ட முடியாது.”

உள்ளே தம்பி குறட்டை விட்டான். அவருக்கு அது கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. காற்று உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது ஒரு சத்தம்.

வண்டு அந்த ஓரத்தில்தான் நாளைக்கு முதல் துளை போடப்போகிறான் என்று சொன்னாள். அவர் குனிந்து முழங்காலில் ஒட்டியிருந்த கல்தூளைத் தட்டினார். பிறகு, பதினஞ்சு நல்லாயிருந்தா மிச்சம் மூணும் நல்லாத்தான் இருக்கும் என்றார். இரட்டையாகத்தான் இருக்கும், போன தடவையும் இரட்டைதானே என்றார். சொல்லிக்கொண்டே போனார். குரல் ஏறியது. அவள் கையைத் தாழ்த்திக் காட்டினாள்.  அதைப் பார்த்து அவர் நிறுத்தினார்.

நாளைக்கு உடம்பு சரியில்லை என்று தம்பியை வீட்டிலேயே நிறுத்திவிடலாமா என்று அவள் யோசித்தாள். நிறுத்தலாம். அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள். இதை உதட்டால்கூடச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது, ஒரு நொடி அப்படி யோசித்ததற்காக.

திங்கட்கிழமை காலையில் அவள் எடைமேடைக்குப் போகவில்லை. பூட்டிய அறையைத் தாண்டி, லாரித் தடத்தில் இறங்கி, குவாரியின் அடிக்கு நடந்தாள். மூன்று வருஷ வேலையில் அவள் அங்கே கால் வைத்ததில்லை. மேலேயிருந்து பார்க்கும்போது கைக்குட்டை அளவு இருந்த இடத்தில், இறங்கியதும் நாலு பக்கமும் சுவர் எழும்பி நின்றது. காலடியில் தூள் கல் நொறுங்கியது. ஒவ்வொரு அடியையும் அவள் வைத்துவிட்டு ஒரு நொடி காத்திருந்து அடுத்ததை வைத்தாள்.

மணி ஏழு ஆக எட்டு நிமிடம் இருந்தது. கிழக்கு ஓரத்தில் பலகைப்பாறை கிடந்தது. இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டது போல. அதன் விளிம்பில் உட்கார்ந்து தம்பி எந்திரத்துக்கு முனை மாட்டிக்கொண்டிருந்தான். மேஸ்திரி பக்கத்தில் நின்றார். தூசிக்காக மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார். துளை போடக் காற்றுக் கொடுக்கும் எந்திரம் மேலே இன்னும் ஓடத் தொடங்கவில்லை. புருஷன் பத்தடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் கை அவிழ்ந்தது.

எடையம்மாவுக்கு இங்கே என்ன வேலை என்று மேஸ்திரி கேட்டார். தராசைத் தூக்கிட்டு கீழேயே வந்துட்டீங்களா என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாதவள். கல்லூரியில் வாய்மொழித் தேர்வன்று தெரிந்த பதிலையே சொல்ல முடியாமல் மதிப்பெண் இழந்தவள். இந்த ஓரத்தில் துளை போட வேண்டாம் என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். சனிக்கிழமை வெடியில் ஒன்று குறைந்தது போலத் தெரிந்தது, பாறையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போடலாம் என்றாள்.

சிரிப்பு நின்றது. தம்பி முனையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

மேஸ்திரி கெட்டவரில்லை. பொறுமையாகத்தான் பேசினார். அங்கே உட்கார்ந்து கேட்டால் ஒன்று இரண்டு விட்டுத்தான் போகும் என்றார். எண்ணுகிற வேலைக்கு ஆள் போட்டிருக்கிறார்கள், அவர் எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பாறையைப் புரட்ட மேலேயிருந்து வண்டி இறக்க வேண்டும், பாதி நாள் போய்விடும் என்றார்.

“நீங்க சொன்னா நான் நிறுத்த முடியாது தங்கச்சி. எனக்கு அதுக்கு அதிகாரம் இல்ல. உங்களுக்கும் இல்ல. லைசென்ஸ் சொல்லணும்.”

சொல்லிவிட்டுத் தலையை மட்டும் அவள் புருஷன் பக்கம் திருப்பினார்.

“என்ன லைசென்ஸ், பதினெட்டும் உங்க காதால கேட்டீங்கல்ல?”

துணிக்குள்ளிருந்து வந்த கேள்வி. உதடு தெரியவில்லை. கண் மட்டும் தெரிந்தது, அதுவும் சிரிக்கிற கண். பதினொரு மாதமாக இப்படிப்பட்ட நேரத்தில் புருஷன் என்ன செய்வாரோ அதையே செய்தார். தலையை ஆட்டினார்.

“அப்புறம் என்ன,” என்று மேஸ்திரி கையை உயர்த்தினார். மேலே ஒருவன் காற்று எந்திரத்தின் பிடியை நோக்கிக் குனிந்தான். தம்பி எழுந்தான். அக்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தான். பயப்படாதே என்பது போல. பலகைப்பாறையின் விளிம்பைக் காலால் தடவி, தூளை ஒதுக்கி, குனிந்து பார்த்து, ஒரு இடத்தில் முனையை வைத்தான். அது வழுக்கவில்லை. வைத்த இடத்தில் நின்றது.

பழைய குழியின் வாய் அது.

அவள் புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவில் போய் நின்றாள். இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்தாள், அத்தனை பேர் முன்னாலும். உதட்டை ஒவ்வொரு எழுத்தாக அசைத்தாள், வீட்டில் செய்வது போல, குரலே இல்லாமல். பதினெட்டும் உங்கள் காதால் கேட்டீர்களா என்று கேட்கிறார். நீங்கள் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறீர்கள்.

அவர் அவள் தோளுக்கு மேலே பார்த்தார். தம்பியின் கால், முனை, முனை நின்ற இடம்.  அவர் அவள் கைகளை விலக்கினார். மூன்றே எட்டில் போய், தம்பி கையிலிருந்த எந்திரத்தின் பிடியைப் பற்றி முனையைத் தூக்கிவிட்டார்.

மேஸ்திரி என்ன லைசென்ஸ் என்றார். மாமா என்றான் தம்பி. அவர் யார் வாயையும் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டு பேசினார். தன் குரல் எவ்வளவு உயரம் என்று அவருக்குத் தெரியாது. மேலே எடைமேடைவரை கேட்டிருக்கும்.

“எனக்குக் காது கேக்காது. ஒரு வருஷமா கேக்கல. எண்ணுறது இவதான். சனிக்கிழமை இவளுக்குப் பதினேழுதான் கேட்டுச்சு.”